கீழாநெல்லியைச் சரியாக இனங்காண: கிளையைத் திருப்பிக் காய் வரிசையைப் பாருங்கள்

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துவிட்டால் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள வாழைக்கொல்லைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் கீழாநெல்லி கும்பலாக முளைக்கத் தொடங்கும். கார்த்திகைக் கடைசியில் காய் பிடிக்கும். தை வரைக்கும் எங்கள் நாட்டு மருந்துக் கடைக்குப் பச்சைக் கட்டாகவும் காய்ந்த மூட்டையாகவும் வந்துகொண்டே இருக்கும். அதைப் பிரித்துப் பார்த்து வாங்குவது என் பொறுப்பு. தாவரவியல் படித்துவிட்டு இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். லென்ஸ் பிடிக்கக் கல்லூரியில் கற்றேன். லென்ஸ் இல்லாமலே பார்க்க என் மாமனார் கற்றுத் தந்தார். ஒரு கட்டை எடுத்தால் அவர் இலையைப் பார்க்கமாட்டார். கிளையை ஒரு விரலால் மல்லாக்கத் திருப்புவார். "மேல்பக்கம் எல்லாச் செடியும் ஒண்ணுதாம்மா, அடியில பாரு" என்பார்.

அந்த அடிப்பக்கத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கீழாநெல்லி என்று சொல்லி மக்கள் பறித்துவரும் செடிகளில் ஒரே தோற்றத்தில் நான்கைந்து இனங்கள் கலந்து கிடக்கின்றன. இலையை மட்டும் வைத்து அவற்றைப் பிரிக்கவே முடியாது. தண்டில் இலை உண்டா, கிளையின் எந்தப் பகுதியில் காய் தொங்குகிறது, காயின் தலையில் எத்தனை இதழ் என்ற மூன்றையும் பார்த்தால் பிரித்துவிடலாம்.

பெயர்க் குழப்பத்தையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் பல டப்பாக்களில் பில்லாந்தஸ் நிரூரி என்று அச்சிட்டிருக்கும். 1753-ல் லின்னேயஸ் அந்தப் பெயரை இட்டார். ஆங்கிலேயர் காலத்துத் தாவர நூல்கள் நம் ஊர்ச் செடிகள் எல்லாவற்றையும் அந்த ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டன. 1950-களில் அமெரிக்கத் தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் இந்தக் கூட்டத்தைப் பிரித்து ஆராய்ந்தபோதுதான், உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்பதும், இங்கே அந்தப் பெயரில் வழங்கியவை அமாரஸ், டெபிலிஸ், ஃப்ரேட்டர்னஸ் என்ற தனித்தனி இனங்கள் என்பதும் தெளிவாயின. நம் பக்கத்தில் கீழாநெல்லி என்று மருந்துக்கு எடுக்க வேண்டியது பில்லாந்தஸ் அமாரஸ். முன்பு ஆமணக்குக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது நெல்லி மரத்தோடு சேர்த்துத் தனிக் குடும்பமாக்கிவிட்டார்கள். கட்டுரை முழுக்க நான் கீழாநெல்லி என்று சொல்வது அமாரஸைத்தான்.

எப்போது பார்க்க வேண்டும், என்ன வேண்டும்

காலை ஒன்பது மணிக்கு மேல் போங்கள். மாலை சாயத் தொடங்கியதும் இந்தச் செடியின் இலைகள் ஒன்றோடொன்று மடங்கித் தூங்கப் போய்விடும். அப்போது கிளை மெலிந்த ஈர்க்காகத் தெரியும், எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. பறித்துக் கையில் வைத்திருந்தாலும் சற்று நேரத்தில் வாடிச் சுருங்கும். ஆகையால் செடி நிற்கும் இடத்திலேயே உட்கார்ந்து பார்ப்பதுதான் நல்லது.

காய் இல்லாத செடியை விட்டுவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. முளைத்து மூன்று வாரமான செடியைக் காட்டி "இது அதுதானே?" என்று கேட்பவர்களிடம், காய் வரட்டும் என்றுதான் சொல்வேன். இது ஒருபருவச் செடி. முளைத்து, பூத்து, காய்த்து, விதையைச் சிதறிவிட்டுச் சில மாதங்களில் காய்ந்துபோகும். பூக்கவும் அதிக நாள் எடுத்துக்கொள்ளாது என்பதால் காத்திருப்பதில் நட்டமில்லை. ஒரு விரல் உயரத்திலேயே காய் பிடித்த செடிகளை நடைபாதைக் கல் இடுக்கில் பார்க்கலாம்.

கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். நகைத் தொழிலாளர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ், ஒரு வெள்ளைத்தாள், மில்லிமீட்டர் போட்ட அடிக்கோல், காயைப் பிரிக்க ஓர் ஊக்கு போதும். லென்ஸ் இல்லையென்றால் கைபேசியில் நெருக்கமாகப் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைத்தாளின் மேல் கிளையை மல்லாக்க வைத்து எடுத்தால் காயின் தலையில் ஒட்டியிருக்கும் புல்லியிதழ்கூட எண்ணும் அளவுக்குத் தெரியும்.

முதலில் நடுத்தண்டு

கீழாநெல்லி நேராக எழும் செடி. பொதுவாகப் பத்து சென்டிமீட்டரிலிருந்து அறுபது சென்டிமீட்டர் வரை வளரும். நிழலும் ஈரமும் உள்ள தென்னந்தோப்பில் முழங்கால் உயரம் வரும். வெயில் காயும் செங்கல் தரையில் விரல் நீளத்தோடு நின்றுவிடும். உயரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தண்டு வழவழப்பாக இருக்கும், மயிர் கிடையாது. பிடுங்கினால் மெல்லிய ஆணிவேர் எளிதாக வந்துவிடும். அடித்தண்டு விறகுபோல் கெட்டியாகி, இழுத்தால் வர மறுக்கிற செடி பெரும்பாலும் இதுவாக இருக்காது.

இப்போது தண்டின் உச்சியிலிருந்து அடிவரை கண்ணை ஓட்டி, நடுத்தண்டில் நேரடியாக முளைத்த பச்சை இலை ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருக்கக் கூடாது. கீழாநெல்லியின் நடுத்தண்டிலிருந்து பக்கக்கிளைகள் மட்டுமே கிளம்பும், இலையெல்லாம் அந்தக் கிளைகளில்தான் இருக்கும். கிளை கிளம்பும் ஒவ்வொரு கணுவிலும் இலைக்குப் பதிலாக ஒரு மில்லிமீட்டர் அளவில் பழுப்பு நிறமான முக்கோணச் செதில்கள் ஒட்டியிருக்கும். லென்ஸில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். நகத்தால் சுரண்டினால் உதிரும். இந்தச் செதில்தான் நடுத்தண்டின் இலை, சுருங்கிச் செதிலாகிவிட்டது.

பக்கக்கிளை ஒவ்வொன்றும் நான்கிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதில் பதினைந்து முதல் முப்பது இலைகள், இரு வரிசையாக, மாறி மாறி அமைந்திருக்கும். இலையின் நீளம் ஐந்திலிருந்து பதினொரு மில்லிமீட்டர், அகலம் மூன்றிலிருந்து ஆறு. நுனி மழுங்கி உருண்டையாக இருக்கும். மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் சற்று வெளிறிய சாம்பல் பச்சை. காம்பு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு குட்டை. வயதான கிளை இலை இலையாக உதிராமல் முழுக் கிளையாகவே கழன்று விழும். அதனால் முதிர்ந்த செடியின் தண்டில் கீழ்ப்பகுதி மொட்டையாக, கிளை விழுந்த தழும்போடு இருக்கும்.

இங்கேதான் புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுகிறார்கள். அந்தப் பக்கக்கிளை பார்ப்பதற்குப் புளிய இலை மாதிரியே இருக்கும். புளியங்கன்று, தக்கைப்பூண்டு, தொட்டாற்சுருங்கி என்று கூட்டிலை உள்ள எல்லாச் செடிகளும் முதல் பார்வையில் இதனோடு சேர்ந்துவிடும். பிரிப்பது சுலபம். புளி, தக்கைப்பூண்டு போன்றவற்றில் அந்த முழு அமைப்பும் ஒரே இலை. அதிலுள்ள சிறு துண்டுகள் சிற்றிலைகள். சிற்றிலை இடுக்கில் பூ ஒருநாளும் வராது. கூட்டிலை தண்டோடு சேரும் இடத்தில்தான் பூ வரும். கீழாநெல்லியில் ஒவ்வொரு சின்ன இலையும் முழு இலை. அதனால் ஒவ்வோர் இலையிடுக்கிலும் பூவோ காயோ இருக்கும்.

கிள்ளிப் பார்ப்பதும் ஒரு சோதனை. தண்டைக் கிள்ளினால் பால் வரக் கூடாது. அம்மான் பச்சரிசியும் சித்திரப்பாலாடையும் சின்ன இலை, சின்னக் காய் என்று கட்டுக்குள் நுழைந்துவிடும். அவற்றில் இலைகள் எதிரெதிராக இருக்கும், கிள்ளியதும் வெள்ளைப் பால் சொட்டும். அந்தப் பால் கையில் பட்டால் கண்ணைத் தேய்க்காமல் உடனே கழுவிவிடுங்கள்.

கிளையைத் திருப்பியபின்

நன்றாகக் காய்த்த கிளை ஒன்றை நடுத்தண்டோடு சேர்த்து ஒடித்து, வெள்ளைத்தாளில் மல்லாக்க வையுங்கள். நடுத்தண்டுப் பக்கம் உங்கள் இடது கைக்கு வரட்டும். கிளையின் அடியில் காய்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இவ்வளவு தூரம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் காய் அடியில் தொங்குவதாலேயே அது கீழாநெல்லி ஆகிவிடாது. இந்தக் கூட்டத்தில் பல இனங்களுக்கு அடியில்தான் காய். அந்த வரிசை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

கீழாநெல்லிக் கிளையில் தண்டை ஒட்டிய முதல் ஒன்றிரண்டு இலையிடுக்குகளில் ஆண் பூ மட்டும் இருக்கும். ஆண் பூ உதிர்ந்துவிடும், காய் ஆகாது. அதற்கடுத்து நுனிவரை ஒவ்வோர் இடுக்கிலும் ஓர் ஆண் பூவும் ஒரு பெண் பூவும் சோடியாக இருக்கும். ஆகவே இரண்டாவது மூன்றாவது இலையிலிருந்தே காய் தொடங்கி, கிளை நெடுகப் போய், நுனியில் பிஞ்சும் மொட்டுமாக முடியும். தண்டுப் பக்கம் முதிர்ந்த காய், நுனியில் இளம் மொட்டு, நடுவில் இடைவெளி கிடையாது. இந்த வரிசையைக் கண்டால் முக்கால் வேலை முடிந்தது. நுனிப்பக்கத்து இடுக்கு ஒன்றை லென்ஸில் பாருங்கள். பிஞ்சுக்குப் பக்கத்திலேயே அதைவிடச் சிறிய ஆண் பூ ஒட்டிக்கொண்டிருந்தால் சோடி உறுதி.

மீதிக் கால்வாசிக்கு இதழ் எண்ண வேண்டும். காய்க்கு மேலே, காம்பு சேருமிடத்தில், புல்லியிதழ்கள் காய்ந்தபின்னும் உதிராமல் நிற்கும். நடுவில் பச்சைக் கோடு, ஓரம் வெள்ளை. கீழாநெல்லியில் இவை ஐந்து. காயைக் கவிழ்த்துக் காம்பைச் சுற்றி ஊக்கு முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுங்கள். ஒரே ஒரு காயில் எண்ணி நிறுத்திவிடாமல், வெவ்வேறு செடியிலிருந்து பத்துக் காயாவது எண்ணுங்கள். எப்போதாவது ஒன்றில் ஆறு தட்டுப்படலாம். பெரும்பாலானவற்றில் ஐந்து என்றால் அமாரஸ். எல்லாவற்றிலும் ஆறு என்றால் வேறு இனம்.

காய் மூன்று பிளவாக, மேலும் கீழும் சற்று அமுங்கி, வழவழப்பாக இருக்கும். குறுக்களவு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். காம்பும் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்தான். முற்றியதும் வெடித்து விதையைத் தூர எறியும். முற்றிய கிளைகளைக் காகிதப் பையில் போட்டுக் கட்டி வைத்தால், காயக் காய உள்ளே பட் பட்டென்று தெறிக்கும் சத்தம் கேட்கும். ஒரு காயில் ஆறு விதை. ஒவ்வொன்றும் ஆரஞ்சுச் சுளை போல முக்கோணமாக, ஒரு மில்லிமீட்டர் அளவில், வெளிர் பழுப்பாக இருக்கும். சுளையின் வளைந்த முதுகில் நீளவாக்கில் ஐந்தாறு மெல்லிய வரிகள் ஓடும். இந்த வரிகளை நினைவில் வையுங்கள், காய்ந்த சரக்கைப் பார்க்கும்போது வேண்டியிருக்கும்.

கூடவே வளரும் உறவுகள்

எங்கள் பக்கத்தில் கீழாநெல்லியோடு அதிகம் கலந்து வருவது டெபிலிஸ். தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த கிளைன் என்பவர் இட்ட பெயர் இது. பெர்லினில் இருந்த வில்டெனோ 1805-ல் அதை அச்சேற்றினார். எங்கள் கடற்கரையிலிருந்து இருநூறு ஆண்டுக்கு முன்பே பெயர் பெற்றுவிட்ட செடியை இன்றும் கீழாநெல்லி என்றே மூட்டை கட்டுகிறோம் என்பதை நினைத்தால் எனக்கு மனது ஆறுவதில்லை. நடுத்தண்டில் இலை இல்லாதது, அடியில் காய் என்று எல்லாம் பொருந்தும். ஆனால் கிளையை மல்லாக்க வைத்தால் வரிசை வேறு. தண்டை ஒட்டிய பல இடுக்குகளில் ஆண் பூக்கள் மட்டும் கொத்தாக இருந்து உதிர்ந்திருக்கும், அந்தப் பகுதி வெறுமையாகத் தெரியும். நுனிப்பக்கம் போனபின் இடுக்குக்கு ஒரு பெண் பூவாகத் தனித்தனியே காய் இருக்கும். சோடி கிடையாது. புல்லியிதழ் ஆறு. இலையும் இருபக்கமும் குறுகிச் சற்று கூராகத் தெரியும், ஆனால் வெயிலுக்கும் நிழலுக்கும் இலை மாறும் என்பதால் அதைச் சாட்சியாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

ஃப்ரேட்டர்னஸும் இதே ரகம். ஆறு இதழ், தண்டுப் பக்கம் ஆண் பூ, நுனிப் பக்கம் தனிப் பெண் பூ. காயின் தலையிலுள்ள இதழ்களில் வெள்ளை ஓரம் மிக அகலமாக இருக்கும். அது வடமேற்கு இந்தியாவின் செடி. குஜராத், இராஜஸ்தான் பக்கமிருந்து வரும் காய்ந்த சரக்கில் இதை எதிர்பார்க்கலாம்.

சிவப்புக் கீழாநெல்லி என்று சொல்லப்படும் யூரினேரியாவில் வரிசை தலைகீழ். காய் தண்டுப் பக்கம், ஆண் பூ நுனிப் பக்கம். கிளையில் சிவப்பு ஓடியிருக்கும், இலை ஓரத்தில் விரலை ஓட்டினால் மெல்லச் சொரசொரக்கும். காயைத் தொட்டாலே போதும். வழவழப்பு இருக்காது, மேலெல்லாம் முண்டு முண்டாக, காம்பே இல்லாதது போலக் கிளையோடு ஒட்டியிருக்கும். விதையில் வரிகள் குறுக்காக ஓடும். இந்த இனத்தைப் பிரிக்க லென்ஸ்கூடத் தேவையில்லை.

மேலாநெல்லி, அதாவது மதராஸ்பட்டென்சிஸ், நடுத்தண்டுச் சோதனையிலேயே விழுந்துவிடும். தண்டிலும் கிளையிலும் ஒருங்கே இலை இருக்கும். இலை அடியில் குறுகி நுனியில் அகன்ற ஆப்பு வடிவம். காய் சற்றுப் பெரியது, மூன்று மில்லிமீட்டர் வரை போகும். அடித்தண்டு கெட்டிப்படும். கரிசல் காட்டிலும் வறண்ட தரிசிலும் அதிகம். விர்காட்டஸ் என்ற இனத்திலும் தண்டில் இலை உண்டு. இலை ஒடுங்கி நீண்டிருக்கும், காய்க்காம்பு நீளம்.

மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. நர்சரியில் வாங்கிய செடியின் தொட்டியில் தானாக முளைத்து நிற்பது தெனெல்லஸ் ஆக இருக்கலாம். மொரீஷியஸ், ரீயூனியன் தீவுப் பக்கத்திலிருந்து உலகமெல்லாம் பரவிய களை. நடுத்தண்டு கீழாநெல்லி மாதிரியே இருக்கும், இதழும் ஐந்துதான். ஆனால் காய்க்காம்பு நூலிழையாக நான்கிலிருந்து எட்டு மில்லிமீட்டர் நீண்டு, காய் இலையை விட்டு விலகி ஆடும். அடிக்கோலை வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பூவைப் பார்க்க முடிந்தால் ஆண் பூவில் மகரந்தத்தாள் ஐந்தும் தனித்தனியாக நிற்கும். கீழாநெல்லியில் மூன்று, அதுவும் ஒன்றோடொன்று ஒட்டிய தூண் போல.

செடி பறித்து வரும் பெண்களிடம் இந்த இனப்பெயர்களை நான் சொல்வதில்லை, அது அவர்களுக்கு வேண்டியதும் இல்லை. சுவாமிமலைப் பக்கமிருந்து வரும் ஓர் அக்காவிடம் ஒருமுறை கலப்பைக் காட்டியபோது, "தெரியாம வரலம்மா, எல்லாம் ஒரே வரப்புலதான் கெடக்கு, களை எடுக்கிற வேகத்துல கை ஒண்ணாத்தான் அள்ளும்" என்றார். அது நியாயம். அதன்பின் இரண்டே இரண்டு விதி வைத்துக்கொண்டோம். "தண்டுல எல இருந்தா போட்டுடுங்கக்கா, காய் தொட்டா முண்டு முண்டா இருந்தாலும் போட்டுடுங்க." மற்றதை நான் கடையில் பிரித்துக்கொள்வேன். அந்த அக்காவின் கட்டில் இப்போது டெபிலிஸ் தவிர வேறு கலப்பு வருவது அரிது. அதற்காகக் கிலோவுக்கு விலை சேர்த்துத் தருகிறோம். பிரித்து எடுக்கும் நேரம் அவர்களுடைய கூலி நேரம். விலை கொடுக்காமல் தூய்மையைக் கேட்பது முறையில்லை.

காய்ந்த சரக்கில்

மூட்டையில் வரும் காய்ந்த சமூலத்தில், அதாவது வேரோடு சேர்ந்த முழுச் செடியில், இலை பாதி உதிர்ந்து, கிளையெல்லாம் கழன்று, ஈர்க்கும் தூளுமாக இருக்கும். கிளையின் காய் வரிசையைப் பார்க்க முடியாது. அப்போது விதைதான் சாட்சி. மூட்டையின் அடியிலிருந்து ஒரு கைப்பிடித் தூளை எடுத்து வெள்ளைத்தாளில் கொட்டி, தாளைச் சாய்த்து மெல்லத் தட்டுங்கள். இலைத்தூள் ஒட்டிக்கொண்டு நிற்க, விதைகள் உருண்டு கீழே சேரும். அவற்றை லென்ஸில் பாருங்கள். முதுகில் நீளவரி என்றால் அமாரஸ், டெபிலிஸ், ஃப்ரேட்டர்னஸ் மூன்றில் ஒன்று. குறுக்குவரி என்றால் யூரினேரியா. வரிவரியாகப் புள்ளிகள் என்றால் மேலாநெல்லி. நீளவரி உள்ள மூன்றுக்குள் முடிவு செய்ய, தூளில் கிடக்கும் காய்த்தோடுகளில் ஒட்டியிருக்கும் இதழ்களை எண்ண வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. காய்ந்த இதழை ஒரு சொட்டு வெந்நீரில் நனைத்தால் விரிந்துகொடுக்கும்.

முழுக்கப் பொடியாக அரைத்து வருவதை நாங்கள் வாங்குவதில்லை. கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாத சரக்கை நம்பிக்கையின் பேரில் மட்டும் விற்க எனக்கு மனம் வரவில்லை.

2010-ல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கிய சரக்கைப் பிரித்து மரபணுக் குறியீடு வரை சோதித்தார்கள். 76 சதவீத மாதிரிகளில் அமாரஸே மிகப் பெரும்பான்மையாக இருந்தது. மீதியில் டெபிலிஸ், ஃப்ரேட்டர்னஸ், யூரினேரியா, மேலாநெல்லி உள்ளிட்ட ஐந்து இனங்கள் கிடைத்தன. நாலில் மூன்று சரி என்று ஆறுதல் கொள்வதா, நாலில் ஒன்று தவறு என்று கவலைப்படுவதா? மருந்து விற்கிறவள் கவலைப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

இனத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பார்கள். சென்னையில் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கோடு சேர்ந்து அமாரஸை வைத்து ஒரு சோதனை செய்து, 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். செடிப்பொடி உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அந்த வைரஸின் மேலுறை அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பலன் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, அது ஆய்வாளர்களின் வேலை. எது எந்தச் செடி என்று உறுதியாகத் தெரியாமல் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்று பேசப்படும் வேதிப்பொருள்களும் எல்லா இனத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை.

உறுதி செய்துகொள்ள

ஐயம் தீராவிட்டால் செடியை அழுத்திக் காயவைத்து நிபுணரிடம் காட்டலாம். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, அன்றைக்கே செய்தித்தாள்களுக்கு நடுவில் பரப்புங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் கிளைகள் கழன்றுவிடும். இரண்டு கிளைகளையாவது மல்லாக்க வைத்து அழுத்துங்கள். மேல்பக்கம் மட்டும் தெரியும் மாதிரியால் பயனில்லை. உதிரும் விதைகளைச் சிறு காகித உறையில் போட்டுக் கூடவே ஒட்டி, பறித்த ஊர், நிலம், நாள் எழுதி வையுங்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் திருச்சி தூய வளனார் கல்லூரியிலுள்ள ராபினட் உலர்தாவரகம் அருகில் இருக்கிறது. கொங்குப் பக்கத்தவர்களுக்குக் கோவையில் இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. படம் அனுப்பிக் கேட்பதானால் முழுச் செடி, நடுத்தண்டுச் செதில், மல்லாக்க வைத்த கிளை, அடிக்கோலோடு ஒரு காய் என நான்கு படம் எடுங்கள். இலையை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு இது என்ன செடி என்று கேட்டால் யாராலும் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியாது.

வாயில் போட்டுக் கசக்கிறதா என்று பார்த்துச் செடியைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கசப்பு பல செடிக்கு உண்டு. தவிர, வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் களைக்கொல்லி அடித்திருப்பார்கள், அது கண்ணுக்குத் தெரியாது. சாக்கடைக் கரையில் செழித்து நிற்பதையும் தொடாதீர்கள்.

காமாலைக்கென்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்பதுதான். கண் மஞ்சளாவது நோயின் அடையாளம். அது வைரஸாலும் வரும், பித்தக்கல் அடைத்தாலும் வரும், இன்னும் கடுமையான காரணங்களாலும் வரும். சில வகைக் காமாலை தானே இறங்கிவிடும். சில வகையில் பத்து நாள் தாமதமே உயிருக்கு ஆபத்து. பித்தக்கல் அடைப்பை எந்தச் செடியும் எடுத்துவிடாது. மருத்துவரைப் பார்த்தபின் வாருங்கள் என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், கருவுற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

சரியான செடி ஒன்றைக் கண்டுவிட்டால் அதையே வீட்டில் வளர்த்துக்கொள்ளுங்கள். முற்றிய கிளைகள் நாலைந்தைக் காகிதப் பையில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு வாரத்தில் விதை அடியில் சேர்ந்துவிடும். அகலமான தொட்டியில் மண்ணை நனைத்து, விதையை மேலாகத் தூவி, மண் போட்டு மூடாமல் விடுங்கள். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். நீரைத் தெளிப்பானால் விடுங்கள், ஊற்றினால் விதை ஓரத்துக்கு அடித்துப் போய்விடும். அரைநிழல் போதும். முளைத்தவற்றைக் காய் பிடித்தபின் பறிக்கும் முன் ஒவ்வொரு செடியாகத் திருப்பிப் பாருங்கள். தொட்டி மண்ணில் ஏற்கெனவே தெனெல்லஸ் விதை இருந்திருக்கலாம். காய்க்காம்பு நீண்டிருப்பவற்றை வேரோடு பிடுங்கிவிட்டு மற்றதை வையுங்கள்.